நஷ்டஈட்டு வழக்கும் எதிர்பாராத கட்டணமும்

சாலை விபத்தில் குடும்பத் தலைவர் ஒருவர் இறந்துபோனால், அக்குடும்பத்தைத் தேடி முதலில் வருகிறவர் பல சமயங்களில் உறவினர் அல்லர். மருத்துவமனை வாயிலிலோ காவல் நிலையத்தின் வெளியிலோ காத்திருக்கும் ஒரு புதியவரே அவர். "நஷ்டஈடு வாங்கித் தருவது எங்கள் பொறுப்பு, கையிலிருந்து ஒரு காசும் செலவழிக்க வேண்டாம், பணம் வந்தபின் எங்கள் பங்கைக் கொடுத்தால் போதும்" என்பார். வேற்று மாநிலத்தில், மொழி புரியாத இடத்தில், இவற்றைத் தமிழிலேயே சொல்லும் ஒருவர் கிடைத்துவிட்டால், துயரத்தில் இருப்பவர்களுக்கு அவர் தெய்வம் அனுப்பிய துணையாகவே தோன்றுவார். நீட்டிய காகிதங்களில் கையெழுத்தும் விழுந்துவிடும்.

பின்னர் அவருடைய சேவை வேண்டாம் என்று முடிவு செய்யும்பொழுதுதான் அந்தக் காகிதங்களில் என்ன எழுதியிருந்தது என்பது தெரியவருகிறது. அவ்வாறு தெரியவரும் கட்டணத்தைப் பற்றியே இன்று பேச இருக்கிறோம்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். மும்பை தாராவியில் தோல் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தவர் லாரி மோதி இறந்துவிடுகிறார். அவர் மனைவி மூன்று காகிதங்களில் கையெழுத்திடுகிறார். ஒன்று மராத்தியில், ஒன்று ஆங்கிலத்தில், ஒன்று எதுவும் எழுதப்படாத முத்திரைத்தாளில். கிடைக்கும் தொகையில் நூற்றுக்கு 25 பங்கு தரவேண்டும் என்பது பேச்சு. நான்கு மாதங்கள் கழிகின்றன. மனு ஒன்று தாக்கலானதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. கேட்டால் விடையும் இல்லை. அம்மையார் வேறொரு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள விரும்பி, "இனி உங்கள் சேவை வேண்டாம்" என்று எழுதுகிறார். ஒரு வாரத்துக்குள் நோட்டீஸ் வருகிறது. ரத்துக் கட்டணம், ஆலோசனைக் கட்டணம், ஆவணக் கட்டணம் என்று சேர்த்து ஒன்றரை லட்ச ரூபாயைப் பதினைந்து நாட்களுக்குள் செலுத்த வேண்டுமாம். செலுத்தும்வரை வழக்குக் கட்டைத் தரமாட்டார்களாம்.

இத்தகைய நோட்டீசைக் கண்டு அஞ்சி, நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. கிழித்தெறிந்துவிட்டுச் சும்மா இருப்பவர்களும் உண்டு. இரண்டுமே தவறு.

முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, பணம் கேட்பவர் யார் என்பது. அவர் வழக்கறிஞரா, அன்றி வழக்கறிஞர் அல்லாத தரகரோ நிறுவனமோ? மேலே சொன்ன உதாரணத்தில் இருவருமே இருக்கக்கூடும். நீதிமன்றத்தில் தொழில் புரிய 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டப்படி பதிவு செய்துகொண்ட வழக்கறிஞருக்கு மட்டுமே உரிமை உண்டு. எனவே 'நஷ்டஈட்டுச் சேவை' என்று பலகை மாட்டியிருக்கும் நிறுவனமும் ஒரு வழக்கறிஞரைக் கொண்டுதான் மனுவைத் தாக்கல் செய்யமுடியும். அம்மையார் கையெழுத்திட்ட காகிதங்களில் ஒன்று அந்த வழக்கறிஞருக்குக் கொடுத்த வக்காலத்து. மற்றொன்று நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தம். இவ்விரண்டுக்கும் பொருந்தும் விதிகள் வேறு வேறு. (வக்காலத்து என்ற சொல் நம் நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் ஏறக்குறைய இதே ஒலியுடன் வழங்குகிறது. உள்ளூர் மொழி அறியாதவரும் 'வக்காலத்து நகல்' என்று கேட்டுப் பெறலாம்.) வக்காலத்தில் வழக்கறிஞரின் பெயரையும் பதிவு எண்ணையும் காணலாம். அவற்றைக் குறித்துக்கொள்வது நலம்.

முதலில் வழக்கறிஞரை எடுத்துக்கொள்வோம். வழக்கின் முடிவைப் பொறுத்த கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் அறவே தடுக்கின்றன. இது புதிய கருத்தன்று. வசூலாகும் தொகையில் பாதி தனக்கு என்று கட்சிக்காரரிடம் எழுதி வாங்கிய பம்பாய் வழக்கறிஞர் ஒருவரின் செயல் தொழில் ஒழுக்கக் கேடே என்று 1954-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. சாதாரண மனிதர் இருவர் இப்படி ஒப்பந்தம் செய்துகொண்டால் அதில் சட்டக் குற்றம் இல்லாமல் இருக்கலாம். வழக்கறிஞர் செய்யும்போது அது வேறு என்பது அத்தீர்ப்பின் கருத்து.

2017 டிசம்பரில் வந்த தீர்ப்பு நம் உதாரணத்துக்கு இன்னும் நெருக்கமானது. 1998-ஆம் ஆண்டில் சாலை விபத்தில் கணவரை இழந்த ஒரு பெண்மணியின் வழக்கு அது. நஷ்டஈடு கிடைத்தது. வழக்கறிஞருக்கு அவர் பத்து லட்ச ரூபாய் கொடுத்த பின்னும், மேலும் மூன்று லட்சத்துக்குக் காசோலை வாங்கப்பட்டது. கணக்கில் பணம் இல்லாமல் அது திரும்பியதும், பெண்மணியின்மேல் குற்ற வழக்குத் தொடரப்பட்டது. கிடைத்த தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் கேட்பது தொழில் ஒழுக்கத்துக்கும் பொது நலக் கொள்கைக்கும் மாறானது, ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி செல்லாதது என்று கூறி, உச்ச நீதிமன்றம் அந்தக் குற்ற வழக்கையே ரத்துச் செய்துவிட்டது. ஆகவே, வழக்கறிஞர் ஒருவர் '25 சதவீதம் பேசினோமே' என்று நோட்டீஸ் அனுப்பினால், அந்தப் பேச்சு அவருக்கு வலு சேர்ப்பதில்லை, அவருக்கே பாதகமாகும்.

இதனால் வழக்கறிஞருக்கு ஒன்றுமே கொடுக்க வேண்டியதில்லை என்று முடிவு கட்டிவிடலாகாது. மனு எழுதினார், தாக்கல் செய்தார், இரண்டு வாய்தாக்களுக்கு வந்து நின்றார் என்றால், அந்த வேலைக்கு நியாயமான ஊதியம் உண்டு. அதைக் கேட்க அவருக்கு உரிமையும் உண்டு. எந்த வேலைக்கு எவ்வளவு என்று கணக்குக் காட்டும்படி கோருவது நமது உரிமை. மறுபுறம், வழக்கறிஞரே வழக்கிலிருந்து விலகிக்கொண்டால், உழைத்து ஈட்டாத கட்டணப் பகுதியைத் திருப்பித் தரவேண்டும் என்பதும் அவர்களுடைய விதிதான்.

வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது இன்னொரு தந்திரம். பழுது பார்க்கும் கடைக்காரர் கூலி வரும்வரை கடிகாரத்தைத் தராமல் வைத்துக்கொள்ளலாம். வழக்கறிஞருக்கு அந்த உரிமை கிடையாது. மத்தியப் பிரதேசத்தில் கூட்டுறவு வங்கி ஒன்றின் சட்ட ஆலோசகராக இருந்தவரை வங்கி 1993-இல் நீக்கியது. தமக்கு 97,100 ரூபாய் வரவேண்டும் என்று சொல்லி, அவர் கட்டுகளைத் தர மறுத்தார். கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் காகிதங்களைப் பிணையாக வைத்துக்கொள்ள வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்றும், அப்படி வைத்துக்கொள்வது தொழில் ஒழுக்கக் கேடு என்றும் 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாக்கி இருந்தால் அவர் தனியே வழக்குத் தொடரட்டும். கட்சிக்காரரின் வழக்கு அதற்காக முடங்கிக் கிடக்கக் கூடாது என்பதே அதன் சாரம். இதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. தெரிந்தவர் என்று காட்டிக்கொண்டாலே பாதிக் கட்டுகள் திரும்பி வந்துவிடும் என்பது என் எண்ணம்.

வழக்கறிஞரை மாற்றும் முறையும் இத்துடன் சேர்ந்தது. ஏற்கெனவே ஒருவர் வக்காலத்து தாக்கல் செய்திருக்கும் வழக்கில், அவர் சம்மதம் இன்றி மற்றொருவர் தோன்றக்கூடாது என்பது பொது விதி. ஆனால் அவர் சம்மதம் தர மறுத்தால், காரணத்தை எடுத்துக்கூறி நீதிமன்றத்தின் அனுமதியைப் புதியவர் கோரலாம் என்று அந்த விதியே வழியும் காட்டுகிறது. பழையவரின் சம்மதக் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் செய்யமுடியாது என்று யாரேனும் சொன்னால் அது பாதி உண்மைதான். கேட்ட கடிதத்தையும், மறுத்த பதிலையும் (பதிலே இல்லாவிட்டால் கடிதம் சேர்ந்ததற்கான அத்தாட்சியையும்) புதிய வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டால் அவர் மனுவில் சேர்த்துக்கொள்வார்.

இனி வழக்கறிஞர் அல்லாத நிறுவனத்துக்கு வருவோம். இங்கே நிலைமை சற்றுச் சிக்கலானது. முடிவில் பங்கு தருவதாகச் செய்த ஒப்பந்தம் ஒவ்வொன்றும் தானாகவே செல்லாததாகிவிடும் என்று சொல்ல முடியாது. ஆங்கில நாட்டில் அக்காலத்தில் இருந்த தடை இந்தியாவுக்கு அப்படியே பொருந்தாது என்று 1876-ஆம் ஆண்டிலேயே பிரிவி கவுன்சில் கூறியிருக்கிறது. ஆயினும், பங்கு கொள்ளையடிப்பது போன்றதாகவோ மனசாட்சிக்கு ஒவ்வாததாகவோ இருந்தால் நீதிமன்றம் அதை ஏற்காது. எனவே நிறுவனத்துடன் வாதாடும்போது 'பங்கு பேசியதே குற்றம்' என்று நிற்பதைவிட, கேட்கப்படும் தொகை எதற்கு என்ற கேள்வியில் நிற்பதே உறுதியானது.

முகவர் ஒருவருக்குக் கொடுத்த அதிகாரத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் உரிமை 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. குறித்த காலத்துக்கென்று அமர்த்தியிருந்து, தகுந்த காரணமின்றி இடையில் நீக்கினால் மட்டுமே ஈடு கேட்க இடம் உண்டு. நீக்கும்போது நியாயமான முன்னறிவிப்பும் தரவேண்டும். நான்கு மாதம் விடையளிக்காமல் இருந்தது தகுந்த காரணம் ஆகுமா என்று கேட்டால், ஆகும் என்றே சொல்லத் தோன்றுகிறது. ஆனால் விடையளிக்கவில்லை என்பதைக் காட்டச் சான்று வேண்டும். தொலைபேசியில் எத்தனை முறை அழைத்தாலும் அது எளிதில் சான்றாகாது. ஒரு கடிதமோ செய்தியோ சான்றாகும்.

அடுத்தது, 'ரத்துக் கட்டணம்' என்ற இனம். ஒப்பந்தத்தில் ஒரு தொகையை அபராதமாக எழுதி வைத்துவிட்டால், அத்தொகை முழுவதையும் பெற்றுவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. எழுதிய தொகைதான் உச்ச வரம்பு. அதற்குள் நியாயமான ஈடு எதுவோ அதையே நீதிமன்றம் வழங்கும். தில்லியில் வீடு ஒன்றின் விற்பனை ஒப்பந்தம் முறிந்த வழக்கில், விற்பவர் தம்மிடம் தங்கிய பணம் முழுவதையும் பறிமுதல் செய்ய முயன்றார். அச்சாரமாகக் கொடுத்த ஆயிரம் ரூபாயை அவர் வைத்துக்கொள்ளலாம், நஷ்டம் நிரூபிக்கப்படாத 24,000 ரூபாயை வைத்துக்கொள்ள முடியாது என்று 1963-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நம் அம்மையாரும் அதே கேள்வியைக் கேட்கலாம்: "நான் விலகியதால் உங்களுக்கு நேர்ந்த நஷ்டம் எவ்வளவு? கணக்கைக் காட்டுங்கள்."

'ஆவணக் கட்டணம்' என்ற இனத்தையும் அப்படியே ஒப்புக்கொள்ளக் கூடாது. 2022-ஆம் ஆண்டில் வந்த மோட்டார் வாகன விதிகளின்படி விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையையும் காவல் துறையே நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே நஷ்டஈட்டு மனுவாக எடுத்துக்கொள்ளத் தீர்ப்பாயத்துக்கு வழியுண்டு. அரசு செலவில் நடக்கவேண்டிய ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் விலை போட்டிருந்தால், எந்தக் காகிதத்தை எங்கிருந்து என்ன செலவில் பெற்றீர்கள், ரசீது எங்கே என்று கேட்க வேண்டும்.

நிறுவனமும் வழக்கறிஞரும் வருவாயைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று தெரிந்தால், அதுவும் விதிமீறலே. வழக்கறிஞர் அல்லாதவருடன் ஊதியத்தைப் பகிர்ந்துகொள்ளவோ, தரகர் மூலம் வழக்குப் பிடிக்கவோ வழக்கறிஞருக்கு அனுமதி இல்லை. நீதிமன்ற வளாகத்தில் தரகர்களாகத் திரிபவர்களைப் பட்டியலிட்டுத் தண்டிக்க 2023-ஆம் ஆண்டில் வழக்கறிஞர் சட்டத்திலேயே தனிப் பிரிவு ஒன்று சேர்க்கப்பட்டது.

நோட்டீசுக்குப் பதில் எழுதுவது எப்படி? நீண்ட கடிதம் வேண்டியதில்லை. எந்தத் தேதியில் சேவையை ரத்துச் செய்தோம், ஏன் செய்தோம் என்பது முதலில். ஒவ்வொரு கட்டணத்துக்கும் கணக்கும் ரசீதும், கையெழுத்திட்ட ஒவ்வொரு காகிதத்தின் நகலும் வேண்டும் என்பது அடுத்தது. கேட்கும் தொகையை ஒப்புக்கொள்ளவில்லை என்று தெளிவாக ஒரு வாக்கியம். நியாயமாகத் தரவேண்டியது இவ்வளவு என்று நமக்கே தோன்றினால், அதை வங்கி மூலம் செலுத்தி, 'மற்றதை மறுக்கிறேன்' என்று குறிப்பிட்டுவிடலாம். வசைமொழி கூடாது, அக்கடிதம் பின்னொரு நாள் நீதிபதியின் மேசைக்குப் போகக்கூடும். அஞ்சல் நிலையத்தில் பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பர் முதல் விரைவுத் தபாலுடன் இணைந்துவிட்டது. ஆகையால் விரைவுத் தபாலில், சேர்ந்ததற்கான அத்தாட்சி கேட்டு அனுப்பவேண்டும். கடிதத்தைத் தமிழில் எழுதத் தடையில்லை. ஆனால் ஆங்கிலத்திலோ அவ்விடத்து மொழியிலோ எழுதினால் பின்னால் மொழிபெயர்ப்புச் செலவு மிஞ்சும்.

வெற்றுக் காசோலை கொடுத்திருப்பவர்கள் மிகவும் கவனமாக இருக்கவேண்டும். அது வங்கியிலிருந்து திரும்பி நோட்டீஸ் வந்தால், பணம் செலுத்தச் சட்டம் தரும் அவகாசம் பதினைந்தே நாள். கடன் இருந்ததாகவே சட்டம் முதலில் கொள்ளும். இல்லை என்று காட்டுவது கொடுத்தவர் பொறுப்பு. ஆகவே சேவையை ரத்துச் செய்யும் கடிதத்திலேயே, இன்ன எண்ணுள்ள காசோலை பிணையாக வாங்கப்பட்டது, அதைத் திருப்பித் தருக என்று எழுதிவிட வேண்டும். மொழி தெரியாமல் இட்ட கையெழுத்தும் அப்படியே. படித்துப் பார்த்துத்தான் இட்டார் என்று முதலில் எண்ணப்படும். பொய் சொல்லியோ நெருக்கியோ வாங்கியது என்று காட்டினால் ஒப்பந்தத்தை விலக்கிக்கொள்ள இடமுண்டு. அன்று உடன் இருந்தவர் யார் என்பதை மறப்பதற்குமுன் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

கடிதத்தால் தீராவிட்டால் எங்கே போவது? வழக்கறிஞர் மீதான புகாரை அவர் பதிவு செய்துகொண்ட மாநில வழக்கறிஞர் மன்றத்தில் கொடுக்க வேண்டும். கண்டிக்கவும், தொழிலிலிருந்து சில காலம் நிறுத்தி வைக்கவும், பெயரை நீக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. பணத்தைத் திருப்பி வாங்குவதற்கென்று ஏற்பட்ட மன்றம் அன்று அது. அதற்கு உரிமையியல் நீதிமன்றம்தான். நுகர்வோர் ஆணையத்துக்கும் வழக்கறிஞரை இழுக்க முடியாது. வழக்கறிஞரின் தொழில் நுகர்வோர் சட்டத்தின்கீழ் வராது என்று 2024 மே 14-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. வழக்கறிஞர் அல்லாத நிறுவனத்துக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது. கட்டணம் வாங்கிச் சேவை செய்கிறவர் என்ற முறையில் அதன்மீது நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம்.

இதில் வெளிமாநிலத் தமிழருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கணவரை இழந்தபின் மும்பையை விட்டுத் திருநெல்வேலிக்கே திரும்பிவிட்ட குடும்பம், திருநெல்வேலியிலேயே கொடுக்கலாம். சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்கவேண்டும்.

நஷ்டஈட்டு வழக்குக்கும் ஏறக்குறைய இதே வசதிதான். விபத்து நடந்த இடம், மனுதாரர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்த்தரப்பினர் இருக்கும் இடம் ஆகியவற்றில் எங்குள்ள தீர்ப்பாயத்திலும் மனுச் செய்யலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவு கூறுகிறது. 'விபத்து நடந்த ஊரில்தான் வழக்கு. இங்கே எங்களைவிட்டால் உங்களுக்கு யார்?' என்று தரகர் சொல்வதை நம்பவேண்டாம். ஆனால் காலக்கெடுவை மறக்கவேண்டாம். 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தம், விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனுச் செய்யவேண்டும் என்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை வழக்குகள் சென்றிருக்கின்றன என்றாலும், அந்த முடிவை நம்பிக் காலம் தாழ்த்துவது ஆபத்து. கட்டணச் சண்டையில் மூழ்கி, மனு உண்மையிலேயே தாக்கலானதா என்று பார்க்கத் தவறிய குடும்பம் பெரியதை இழந்து சிறியதற்குப் போராடுகிறது. முதலில் மனுவின் எண்ணைக் கேட்டு வாங்கித் தீர்ப்பாய அலுவலகத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்கும் பணம் ஏது என்று கேட்கலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இந்த ஆணையத்தின் அலுவலகத்தைக் கேட்டுச் செல்லலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். இலவச வழக்கறிஞர் திறமை குறைந்தவராக இருப்பார் என்ற எண்ணம் நம்மவரிடையே பரவியிருக்கிறது. அப்படிச் சிலர் இருக்கலாம். நூற்றுக்கு இருபத்தைந்தை எடுத்துக்கொண்டு நான்கு மாதம் பேசாதிருப்பவரைவிட அவர் எந்த வகையில் குறைந்தவர் என்று எனக்கு விளங்கவில்லை.

தீர்ப்பு வந்தபின் பணம் எங்கே போகிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எழுத்தறிவில்லாத மனுதாரர்கள் ஏமாற்றப்படாமல் இருக்கத் தொகையின் பெரும்பகுதியை வங்கியில் நிரந்தர வைப்பாக வைக்கும்படி 1993-இலேயே உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது. 2025 மார்ச்சில், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தொகையை நேரே மனுதாரரின் வங்கிக் கணக்கில் செலுத்தும் முறையைப் பின்பற்றவும் கூறியது. ஆகவே தீர்ப்பாயத்தில் கொடுக்கும் கணக்கு எண் அம்மையாரின் பெயரில், அவரே இயக்கக்கூடியதாக இருக்கவேண்டும். அந்தக் கணக்கின் காசோலைப் புத்தகமும் பண அட்டையும் வேறு எவர் அலுவலகத்திலும் இருக்கக் கூடாது.